லிராக்காரரின் இடக்கை

இசைவாணர்களின் வாழ்வைச் சிறுவர்க்குப் படக்கதையாக வரைந்து தருவது அர்கிரோவின் தொழில். முதல் மூன்று நூல்களிலும் அவள் ஒரு துளி குருதியும் சிந்தியதில்லை. நான்காவதற்கு, கிரேத்தாத் தீவின் மலைமேல் தான் பிறந்த ஊரிலேயே வாழும் மனூசோஸைத் தேர்ந்தாள். மடியில் நிறுத்தி வில்லால் இழைக்கும் மூன்று தந்தி லிராவே அவருடைய வாழ்வு. அவ்வாழ்வைக் குருதியின்றி வரைய ஒருவராலும் ஆகாது.

இரண்டாம் பக்கத்தில் தந்தை சிறுவனின் லிராவைப் பிடுங்கிப் பாலாடைக்கட்டி காய்ச்சும் கொப்பரைக்கடியில் செருகுகிறார். நான்காம் பக்கத்தில் இரண்டாவது லிரா அவன் முதுகிலேயே உடைகிறது. அதன் சிலாம்பு ஒன்று எழுபத்து நான்கு வயதாகியும் அவர் தோளுக்குள் கிடந்தது. இவற்றையெல்லாம் அவள் தடையின்றி வரைந்தாள். பதினோராம் பக்கத்துக்கு வந்தபோதுதான் தூரிகையைக் கீழே வைத்தாள். அதில் சுடுபவர் அவளுடைய தந்தை சீஃபிஸ்.

நடந்தது ஒரு திருமண விருந்தின் நண்பகலில். அவ்வூரில் ஒருவன் லிராக்காரரிடம் கேட்டு வாங்கிய ஆட்டம் அவனுக்கே உரியது. வேறொருவன் உள்ளே கால் வைத்தால் வாசிப்பவர் அக்கணமே வில்லை உயர்த்திவிட வேண்டும். அன்று ஆட்டத்தைக் கேட்டவர் சீஃபிஸ். வேறொருவன் நுழைந்தான், லிரா நிற்கவில்லை. சீஃபிஸ் நுழைந்தவனைச் சுடவில்லை, வாசித்த கையைச் சுட்டார். லிராவின் தந்தியை நகத்தால் பக்கவாட்டில் தொட்டே சுரம் பிறப்பிக்க வேண்டும். நகத்தோடு இடக்கையின் இரண்டு விரல்கள் ஆட்டிறைச்சித் தட்டினருகே விழுந்தன. எஞ்சிய மூன்று விரல்களால் வில்லைப் பற்றி, வலக்கை நகங்களைத் தந்திக்குப் பழக்க மனூசோஸுக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

பழிக்குப் பழி தொடராதபடி பாதிரியார் இரு வீட்டாரையும் திருவுருவத்தின் முன் நிறுத்திச் சமரசம் செய்தார். கட்டுக் கட்டிய கையோடு மனூசோஸ், சீஃபிஸுக்குப் பிறந்திருந்த ஆண்குழந்தையை ஞானநீரினின்று ஏந்தி அதன் ஞானத்தகப்பனானார். அக்குழந்தையே அர்கிரோவின் தம்பி ஸ்த்ராத்திஸ். நடந்ததை அன்றுமுதல் எவரும் வாயால் சொல்லலாகாது என்பது சமரசத்தின் கட்டுப்பாடு. முப்பத்தேழு ஆண்டுகள் அது காக்கப்பட்டது. கட்டுப்பாடு வாய்க்குத்தான், தூரிகைக்கு அன்று என்று அர்கிரோ தனக்குத்தானே வாதாடிக்கொண்டாள். தந்தையைப் புறமுதுகாக, முகமின்றி வரைந்தாள். மனூசோஸை இமை மூடியவராக வரைந்து, கீழே ‘அவர் எவரையும் காணவில்லை, இசையை மட்டுமே கேட்டார்’ என்று எழுதினாள்.

அச்சுக்கு அனுப்புமுன் படங்களை மனூசோஸின் முற்றத்தில் கல்மேசைமேல் பரப்பி அவருடைய சம்மதம் கேட்டாள். அவர் பதினோராம் பக்கத்தை நெடுநேரம் நோக்கினார்.

“படம் நல்லாத்தான் இருக்கு, கண்ணு. ஆனா அன்னிக்கு நான் கண்ணை மூடலை.”

அவள் விளக்கம் கேட்பதற்குள் தெருவில் வண்டியின் கதவை அறைந்து சாத்தும் ஓசை கேட்டது. காலையில் பள்ளி ஆசிரியைக்குப் படங்களைக் காட்டியிருந்தாள். அச்செய்தி காப்பிக்கடை வழியே தம்பியை எட்டியிருந்தது.

ஸ்த்ராத்திஸ் பக்கத்தை எடுத்துப் பார்த்தான். குரலை உயர்த்தவில்லை.

“அப்பா செத்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. மறுபடியும் அவரைத் துப்பாக்கியோட நிக்க வெச்சுட்டியே, அக்கா. அதுவும் மூஞ்சி இல்லாம.”

“வாயால ஒண்ணும் சொல்லலையேடா.”

“என் பிள்ளைங்க எழுத்துக் கூட்டி வாசிக்கும். அது வாயில்லாம வேறென்ன?”

பக்கத்தைத் தா என்று அவள் கை நீட்டினாள். அவன் அக்கையைப் பற்றி முறுக்கிக் கல்மேசையின் விளிம்பில் அறைந்தான். எலும்பு முறிந்த ஓசை அவளுக்கே கேட்டது. குறுக்கே வந்த மனூசோஸைப் பிடித்துத் தள்ளினான். அவர் படிக்கல்லில் மோத, உதடு கிழிந்து தாடியில் குருதி வழிந்தது. ஞானத்தகப்பன்மேல் கை வைப்பது அவ்வூரில் பலிபீடத்தின்மேல் கை வைப்பதற்கு ஒப்பு. வைத்துவிட்டோம் என்று உணர்ந்தவுடன் அவன் வெறி இருமடங்காயிற்று. இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி மேசைமேல் இருமுறை சுட்டான். காகிதமும் கற்சிதறலும் பறந்தன.

மனூசோஸ் தரையில் அமர்ந்தபடியே குருதியைத் துப்பினார்.

“காகிதத்தை எதுக்குடா சுடுற? என்னைச் சுடு. அந்த ஆளு உள்ள வந்ததை நான் பார்த்தேன். உங்கப்பனையும் பார்த்தேன், என்ன செய்வான்னும் தெரியும். வில்லைத் தூக்கியிருக்கணும். தூக்கலை. கை அன்னிக்கு வந்த மாதிரி என்னிக்குமே வந்ததில்லை. நிறுத்த மனசு வரலை, அவ்வளவுதான்.”

“இதை எங்கப்பாகிட்ட சொன்னியா?”

“இல்லை.”

“சாகுற வரைக்கும் அவர் தலையைக் குனிஞ்சே நடந்தாரு.”

சொல்லி முடிக்குமுன் துப்பாக்கியின் அடிக்கட்டை கிழவரின் கன்னத்தில் இறங்கியது. அவர் தடுக்கவில்லை. ஸ்த்ராத்திஸ் மறுபடி கையை ஓங்கினான். ஓங்கிய கை இறங்கவில்லை. வண்டியேறிப் போய்விட்டான்.

அர்கிரோவின் கையில் மாவுக்கட்டு ஏழு வாரம் இருந்தது. அதை அவிழ்த்த மறுநாளே பதினோராம் பக்கத்தை அவள் புதிதாக வரைந்தாள். மனூசோஸின் கண்கள் அகலத் திறந்திருந்தன. சீஃபிஸ் இப்போது திரும்பி நின்றார். அடர்ந்த புருவமும் அவமானத்தால் சிவந்த கன்னமுமாக, ஆறு வயதில் அந்த விருந்தில் அவள் கண்ட அதே முகம். கீழே ‘அவர் பார்த்தார். நிறுத்தவில்லை’ என எழுதினாள். பதிப்பகத்தார் தயங்கினர். சிறுவரைத் தம் மனவிருப்பத்தைப் பின்பற்றச் சொல்லும் நூலில் அந்த விருப்பமே குற்றவாளியாக நிற்கலாமா என்று கேட்டனர். இந்தப் பக்கம் இல்லையென்றால் நூலும் இல்லை என்றாள்.

நூல் வெளிவந்தது. மனூசோஸ் அதைத் தம் வீட்டுத் திருவுருவத்தருகே வைத்தார். அர்கிரோவின் வீட்டுச் சன்னல்கள் பட்டப்பகலில் சுட்டு நொறுக்கப்பட்டன; சுட்டவர் யாரென்று அவளும் கேட்கவில்லை, ஊரும் சொல்லவில்லை. அவள் கடற்கரை நகருக்குக் குடிபெயர்ந்தாள். அங்கிருந்து தம்பி பிள்ளைகளின் பெயருக்கு ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பினாள். எட்டாம் நாள் அது திரும்பி வந்தது. உள்ளே கடிதம் இல்லை. பதினோராம் பக்கம் மட்டும் காணவில்லை. கிழிக்காமல், கூரிய கத்தியால் தையலோரம் நேராக, ஒரு நூலிழையும் பிசகாமல் அறுத்து எடுத்திருந்தார்கள்.