ரெண்டு நட்சத்திரம் போட்டவள்

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவளை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். மற்ற பயிற்சியாளர்கள் அதன்மேல் காலை ஊன்றியபடியே ஊரைச் சுற்றி வருவார்கள். அவள் காலை மடக்கிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். மிதித்தே ஆகவேண்டிய நேரத்தில் மட்டும் மிதிப்பாள். அந்த ஒரு மிதியில், ஓட்டுகிறவருக்கு அன்றைய பாடம் முழுக்க மனசில் பதிந்துவிடும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் புதிதாக வரும் பாட்டு ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதி, ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவது. பெயர் போட மாட்டார்கள். எழுதுவது யாரென்று பத்திரிகை ஆசிரியருக்கும், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவள் கணவனுக்கும், பள்ளியில் படிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும்.

இளம் வயதில் ஒரு மேடைக் குழுவில் கோரஸ் பாடியவள் அவள். ஒருநாள் தன் குரலைத் தனியாகப் பதிவு செய்து கேட்டாள். "சுருதி தப்பல. ஆனா இன்னொரு தடவ கேக்கணும்னு எனக்கே தோணல" என்று குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டு, அந்த வாரமே விலகிக்கொண்டாள். அழவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. அவள் போட்ட முதல் மதிப்பெண் தனக்குத்தான்.

பல வருஷம் கழித்து, அந்தப் பத்திரிகை ஒரு சுமாரான ஆல்பத்துக்கு ஐந்து நட்சத்திரத்தை வாரி வழங்கியிருந்தது. அவள் கோபமாகப் பத்திரிகைக்குப் போன் போட்டு, ஒவ்வொரு பாட்டாக எடுத்துப் பிரித்து மேய்ந்துவிட்டாள். முழுவதையும் கேட்ட பத்திரிகை ஆசிரியர், "நீங்களே எழுதிடுங்களேன்" என்றார். எழுத ஆரம்பித்தாள். பூசி மெழுகத் தெரியாது. பிடித்தால் நாலு, அதிசயமாக எப்போதாவது ஐந்து, பிடிக்காவிட்டால் ஒன்று. எதுவானாலும் காரணம் இருக்கும்.

வீட்டில்தான் எதிர்க்கட்சி. "அம்மா, அதுக்குப் போய் ரெண்டா? எங்க கிளாஸ்ல எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க" என்று மகள் குதிப்பாள்.

"கேக்கட்டும்டி. நான் வேணாம்னா சொன்னேன்?"

"உன் டேஸ்டுக்கு ஒரு ஸ்டார்."

"அதுக்குக் காரணம் எழுதிக் குடு. ஏத்துக்கறேன்."

கணவன் பாத்திரம் கழுவிக்கொண்டே சிரிப்பான். அவனுக்கு எல்லாப் பாட்டும் ஒன்றுதான்.

அப்படி அவள் இரண்டு போட்ட ஆல்பங்களில் ஒன்று, புதிய குழு ஒன்றின் முதல் ஆல்பம். ஏழு பாட்டு. அட்டையில் ஆள் படம் இல்லை, வெறும் நாற்காலி ஒன்று. "பாடுகிறவருக்கு நல்ல குரல் இருக்கிறது. ஆனால் குரலின்மேல் எதிரொலியைக் கம்பளிபோலப் போர்த்தி மூடியிருக்கிறார்கள். பாட யாராவது அனுமதி கொடுப்பார்களா என்று காத்திருப்பவர்போல அவரும் உள்ளேயே நிற்கிறார்" என்று எழுதியிருந்தாள்.

சில மாதம் கழித்து டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு தாடிக்காரன் வந்தான். முப்பது வயது இருக்கும். சாமான் ஏற்றும் வேன் ஓட்டவேண்டும், இதுவரை ஓட்டிக்கொண்டிருந்த நண்பன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான் என்றான். என்ன சாமான் என்று அவளும் கேட்கவில்லை. கிளட்சை விடுவதில் மட்டும் கொஞ்சம் அவசரம், மற்றபடி நல்ல கவனம். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

ஒருநாள் பெரிய சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு விளக்கு மாறுவதாக இல்லை. தாடிக்காரன் ஸ்டியரிங்கில் விரலால் தட்டியபடி ஏதோ முணுமுணுத்தான். பிறகு தன்னை மறந்து வாய்விட்டே பாடினான். இரண்டு வரிதான். உச்சிக்குப் போகும் இடத்தில் குரல் லேசாகக் கீறியது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, இத நான் எங்கயோ கேட்டிருக்கேனே?"

"கேட்டிருக்க மாட்டீங்கக்கா. இது எங்க ஆல்பத்துல அஞ்சாவது பாட்டு. வந்த சுவடே தெரியாமப் போச்சு. எவனோ ஒரு மடையன் பத்திரிகையில எழுதியே மண்ண அள்ளிப் போட்டுட்டான்."

விளக்கு பச்சையானது. வண்டி நகர்ந்தது. அவனுக்கு வாய் நிற்கவில்லை. "எதிரொலியக் கம்பளி போலப் போர்த்தி…" என்று ஆரம்பித்து, விமர்சனம் முழுவதையும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். "ரெண்டு ஸ்டார்க்கா. ரெண்டு! என் மாமியார் படிச்சிட்டு, 'ரெண்டுன்னா பாஸா ஃபெயிலா மாப்ள?'ன்னு கேட்டாங்க. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. தெரிந்த பிறகும் தெரியாததுபோல உட்கார்ந்திருப்பது அவள் சுபாவத்தில் இல்லை.

"இண்டிகேட்டர் போடுங்க. ஓரமா நிறுத்துங்க. நியூட்ரல். ஹேண்ட் பிரேக்க இழுங்க. இழுத்தாச்சா?"

"ஆச்சுக்கா. ஏன், ஏதாவது தப்பாப் பண்ணிட்டனா?"

"இல்ல. அந்த மடையன் நான்தான்."

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு புரிந்தது. காது மடல்கூடச் சிவந்துவிட்டது.

"ஏன் முன்னாடியே சொல்லல நீங்க?"

"நீங்க பாடுறவர்னே எனக்கு இப்பத்தான் தெரியும்."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "அந்த எதிரொலிய நான்தான் போடச் சொன்னேன். மேல போகும்போது குரல் கீறுது. ரொம்ப அசிங்கமா இருக்கும்னு…" என்றான்.

"இப்பக் கீறிச்சே. அதுதான் நல்லா இருந்துச்சு."

"அப்ப அந்த ரெண்ட மாத்துவீங்களா?"

"எதுக்கு மாத்தணும்? ஆல்பம் மாறலையே தம்பி."

அவன் சீட் பெல்ட்டைக் கழற்றினான். கதவைத் திறந்தான்.

"பின்னாடி வண்டி வருதான்னு பாத்து இறங்குங்க."

பார்த்துவிட்டுத்தான் இறங்கினான். கதவை மட்டும் ஓங்கி அடித்துச் சாத்திவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தான். அவள் இடம் மாறி உட்கார்ந்து வண்டியைத் தானே ஓட்டி வந்தாள்.

வழியில் ஒரு கடை வாசலில் நிறுத்தி, அந்த ஆல்பத்தைப் போனில் மறுபடி முதலிலிருந்து கேட்டாள். ஏழு பாட்டும் முடிந்தபோது அவள் கணக்கு மாறவில்லை. இரண்டு இரண்டுதான். ஆனால் விமர்சனத்தில் அந்த ஐந்தாவது பாட்டுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தாள். அதற்கு இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம் என்று தோன்றியது. அந்த ஒரு குறையை ஒத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி கூப்பிட்டார். "அந்தத் தாடித் தம்பி வேற ஆளு வேணும்கிறாரு. என்னம்மா, திட்டிட்டியா?"

"திட்டல சார். கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"அது அதவிட மோசமாச்சே!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவனை ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் சத்தம் அடுத்த தெருவரைக்கும் கேட்கும். அவனால் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஒரு காலையில் பிரேக் அக்கா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தாடிக்காரன் எதிரே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அவரு கத்துற கத்துல எனக்குத் தெரிஞ்ச கியரும் மறந்துபோச்சுக்கா. நீங்க ரெண்டு போட்டீங்களே தவிர, கத்தல."

"ஏறுங்க. ஆனா வண்டிக்குள்ள பாட்டப் பத்திப் பேச்சு எடுக்கக்கூடாது."

"நீங்களும்தான்" என்றான்.

இருவரும் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார்கள். லைசென்ஸ் தேர்வில் முதல் முறை, பின்பக்கமாக எடுக்கும்போது கம்பத்தைத் தட்டிவிட்டான். அடுத்த முறை தேறினான். மாமியாரிடம் பாஸ் என்று போனில் சொல்லும்போது அவன் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு வருஷம் போல ஆனபின், அவன் குழுவின் இரண்டாவது ஆல்பம் விமர்சனத்துக்கு வந்தது. அவள் பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டாள்.

"இது எனக்கு வேணாம் சார். அந்தப் பையனுக்கு நான் வண்டி கத்துக்குடுத்திருக்கேன்."

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எழுத உக்காந்தா அவன் முகம் முன்னாடி வந்து நிக்கும். நான் அதிகமாப் போட்டாலும் எனக்கே சந்தேகம் வரும், கொறச்சுப் போட்டாலும் வரும். வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க."

வேறொருவர் எழுதினார். நாலு நட்சத்திரம். பத்திரிகை வந்த அன்று மதியம் தாடிக்காரனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நாலு! பாத்தீங்களா?"

"பாத்தேன். ரொம்ப சந்தோஷம்."

"நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியும். உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? சும்மா சொல்லுங்க. நீங்களா இருந்தா எவ்வளவு?"

"மூணு."

"மூணரைகூடக் கெடையாதா?"

"கம்பளிய எடுத்துட்டீங்க. குரல் முன்னாடி வந்து நிக்குது. ரெண்டாவது பாட்டக் கேட்டுட்டு வேற எதுவும் கேக்க முடியாம அரைமணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அதெல்லாம் சரி. ஆனா கடைசி ரெண்டு பாட்டு எதுக்கு? வீட்டுக்குப் போகத் தெரியாத விருந்தாளி மாதிரி."

அவன் வெடித்துச் சிரித்தான். "என் பொண்டாட்டியும் இதையேதான்க்கா சொன்னா. நான்தான் கேக்கல."

"அவங்களையே எழுதச் சொல்லியிருக்கலாம்."

"வேணாம்க்கா. அவ ரெண்டரைதான் போடுவா."

போனை வைத்தபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து, முதலாளி என்னவென்று கேட்டார். "ஒரு பழைய ஸ்டூடண்டு சார்" என்றாள். மாலையில் அந்த வாரத்துக்கான ஆல்பத்தை அனுப்பியிருந்தார்கள். ஊரெல்லாம் கொண்டாடும் பெரிய பாடகர் ஒருவருடையது. கேட்டாள், மறுநாளும் கேட்டாள். ஒன்றரை போட்டாள். எட்டு காரணம் எழுதி அனுப்பிவிட்டு, காத்திருந்த புது மாணவியைக் கூப்பிட்டு, "முதல்ல சீட்ட சரி பண்ணிக்கம்மா" என்றாள்.