தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு மதுவிலக்குச் சொற்பொழிவு

கல்லூரி ஆலோசகர் வேலையில் ஒரு வசதி உண்டு: பிள்ளைகள் உருப்பட்டால் அது அவர்கள் கெட்டிக்காரத்தனம், உருப்படாவிட்டால் நம் தப்பு. என்னைப் போல் 'அறிவுரை மிஷின்' என்று பெயர் வாங்கி உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, மலேசியாவில், மலாக்காவில் ஒரு தனியார் கல்லூரியில் 'தண்ணி கேஸ்' எல்லாம் என் அறைக்குத்தான் வரும். இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.

கழிப்பறையில் ஒரு பீர்

கவிதா எழுதச் சொன்னால் வகுப்பில் முதல் ஆள். எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல் பிரசன்டேஷனில் யாரோ சிரித்துவிட்டார்கள். அடுத்ததற்கு முன்னால் கழிப்பறையில் ஒரு டின் பீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். நன்றாகப் பேசினாள், கைதட்டினார்கள். அதற்கு அடுத்ததற்கு இரண்டு டின்.

"பயமா இருந்தா என்கிட்ட வந்திருக்கலாமே" என்றேன், எங்கள் தொழிலுக்கே உரிய அசட்டுத்தனத்தோடு. அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"உங்ககிட்ட அப்பாயின்மென்ட் எடுக்கணும் மிஸ். பீருக்கு அதெல்லாம் வேணாம் லா."

டின்னில் குழாய்த் தண்ணீர்

தினேஷை வார்டன் கையும் டின்னுமாகப் பிடித்து அனுப்பினார். பையனிடம் வாடையே இல்லை. விசாரித்தால், அவனுக்குப் பீரின் கசப்பு ஆகாதாம். வாங்கிய டின்னை சிங்க்கில் கொட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, கூட்டத்தோடு உட்கார்ந்து மிடறு மிடறாகக் குடித்திருக்கிறான். வார்டன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வயதுப் பையன் நாலு பேரோடு உட்கார இவ்வளவு நடிக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் தோன்றியது.

"டின் கையில இருந்தாதான் மிஸ், 'டேய் தினேஷ், வாடா'ங்கறாங்க. இல்லாட்டி நான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

நியாலாஸிலிருந்து போன்

பிரகாஷ் நியாலாஸ் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் பையன். அப்பா குடித்தே இறந்தவர். அம்மா துப்புரவு வேலை பார்த்துப் படிக்க வைக்கிறார். தினமும் போன் செய்வார். இவன் குரல் கொஞ்சம் கரகரத்தாலும், "ஏன்டா ஒரு மாதிரி பேசற?" என்பார். முதல் வருடம் முழுக்க அவன் தொட்டதே இல்லை. ஒருநாள் அப்படியொரு போன் வந்த பிறகு, அறை நண்பர்களான இரண்டு சீனப் பையன்களோடு உட்கார்ந்து குடித்தான். மூவரும் மாட்டினார்கள்.

"லீவுல வீட்டுக்குப் போனா அம்மா என் சட்டையை மோந்து பார்ப்பாங்க மிஸ். குடிக்காதப்பவே நான் குடிகாரன்தான். சரி, குடிச்சே பார்த்துடலாம்னு தோணுச்சு."

தலைவரின் மானம்

மாணவர் விவகாரத் தலைவர் நம்மவர்தான், தமிழர். அவருடைய தீர்ப்பு சட்டென்று வந்தது. பிரகாஷை ஹாஸ்டலிலிருந்து நீக்கி அம்மாவிடம் சொல்லிவிடுவது. மற்ற இருவருக்கும் வாய்மொழி எச்சரிக்கை. கூடவே, குடியின் கேடு பற்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் தமிழில் ஒரு சொற்பொழிவு. பேச வேண்டியவள் நான்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இப்படித் துரத்தினால் அம்மாவின் சந்தேகத்துக்குக் கல்லூரியே முத்திரை குத்தியதாகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பையன் நிமிரவே மாட்டான். "மூணு பேரும் ஒரே பாட்டில்லதானே சார் குடிச்சாங்க?" என்றேன்.

"அவனுங்க குடிச்சா பார்ட்டிம்மா. நம்மாளு குடிச்சா பரம்பரைக் குடின்னு சொல்லுவானுங்க. நம்ம மானம்தான் போவுது."

மூன்று பேருக்கும் ஒன்றுதான்

கல்லூரி முதல்வர் முன்னால் கூட்டம் நடந்தது. மூவரையும் அனுப்புங்கள், இல்லை மூவரையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொற்பொழிவு மலாயில், எல்லாருக்கும் என்றால் பேசுகிறேன். தமிழ்ப் பிள்ளைகளைத் தனியாகப் பொறுக்கி உட்கார வைத்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பிரகாஷ் என்னிடம் என்ன சொன்னான் என்று தலைவர் கேட்டார். அறையில் சொன்னது அறையோடு சரி என்றேன். "உங்க காண்ட்ராக்ட் வருஷக் கடைசியில முடியுதுல்ல?" என்றார். "முடியட்டும் சார். அதுவரைக்கும் நான்தான் கவுன்சலர்" என்றேன்.

மூவருக்கும் ஒரே எச்சரிக்கை, மூன்று வீட்டுக்கும் தகவல், ஹாஸ்டல் இடம் யாருக்கும் போகாது, சொற்பொழிவு மலாயில் எல்லாருக்கும் என்று முதல்வர் முடித்தார். தகவல் போகும் என்று நான் போய்ச் சொன்னதும் பிரகாஷின் முகம் வெளுத்துவிட்டது. ஆபீஸ் முந்திக்கொள்வதற்குள் நீயே அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடு என்று அவனை என் அறையில் விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். வெகுநேரம் கழித்து, கண்களைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"எவ்வளவு குடிச்ச, யாரோட குடிச்சன்னு கத்துவாங்கன்னு பார்த்தேன் மிஸ். 'ஏன்டா குடிச்ச'ன்னு கேட்டாங்க. சொன்னேன். ஒரே அழுகை, ரெண்டு பேரும். நீங்களும் கேட்டீங்கதான், ஆனா உங்களுக்கு அது வேலை லா."

தலைவர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வாய் திறக்காத ஆள் எப்போது திறப்பார் என்று காத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதால், நானும் அவசரப்படவில்லை.