ஆசியா உம்மாள் வைத்துவிட்டுப் போன அலாரம்

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேலப்பாளையத்தில் எந்தச் சந்தில் எந்த வீடு, எந்த வீட்டு மருமகள் எங்கிருந்து வந்தவள் என்பதெல்லாம் ஆட்டோ ஓட்டியே எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஆசியா உம்மாள் என் பேச்சை ஒரு நாளும் நம்பியதில்லை. நான் ஒரு வீட்டைச் சொன்னால் போதும், மடியிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துவிடுவார்.

"ஏலே அப்பாத்துரை, பொறு. டைரி என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"நான் சொல்லுதது காதுல ஏறாதாம்மா?"

"நீ நேத்துச் சாப்பிட்டதையே மறந்துருவ. இது மறக்காது."

அது உள்ளங்கை அகலத்தில், கால்குலேட்டர் போல் மூடித் திறக்கிற டிஜிட்டல் டைரி. மகன் ஆமிர் முதல் தடவை சார்ஜாவிலிருந்து வந்தபோது, கம்பளியும் அத்தரும் வாங்கியது போக மிச்சம் இருந்த சில்லறைக்கு வாங்கி வந்தது. அதில் தமிழ் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆசியா உம்மாள், அந்தப் பொத்தான்களைப் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் எழுத்துப் படித்தார். பிறகு ஆமிர் பெரிய போன் வாங்கிக் கொடுத்தும் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "அதுக்குத் தெனமும் தீனி போடணும். இது ரெண்டு பட்டன் செல்லுல வருசம் முழுக்க ஓடுதுலா" என்பார்.

அவருக்கு அந்தப் பெட்டி எதற்கு என்றால், அவர் தொழில் அப்படி. கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகை அடித்தாலும், வாட்ஸப்பில் அனுப்பினாலும், பெண்களை நேரில் போய் வாய் நிறைய அழைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆசியா உம்மாள். வாசலில் நின்று, இன்னார் மகளுக்கு நிக்காஹ், குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார். உள்ளேயிருந்து "வாரோம்" என்று பதில் வரும்வரை நகர மாட்டார். பதில் வந்ததும் அந்த வீட்டுப் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார். ஒரு வீடு விட்டுப்போனாலும் அது பெரிய மனத்தாங்கலாகிவிடும். சில சந்துகளில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள் இருக்கும், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இருக்காது. ஒரு வீட்டுக்கு மேற்கேயிருந்தும் மற்றதற்குக் கிழக்கேயிருந்தும் போக வேண்டும். அதுவும் டைரியில் இருக்கும். எனக்கு வீணாக ஒரு சுற்று.

இன்னொன்றும் அதில் இருந்தது. புருஷனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, அந்நிய ஆண்கள் முன்னால் நிற்பதில்லை. அந்தக் கணக்கு பிறைக் கணக்கு. பெட்டியோ இங்கிலீஷ் தேதிதான் அறியும். ஆசியா உம்மாள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஆள் அனுப்பித் தேதி கேட்டு, இத்தா முடிந்த மறுநாள் காலைக்கு அலாரம் வைத்துவிடுவார். அலாரம் கூவிவிட்டால், அடுத்த அழைப்பில் முதல் வீடு அந்தப் பெண்ணின் வீடுதான். கல்யாண வீடு தெற்கே இருந்தாலும் வண்டி வடக்கே போகும்.

"பெட்ரோல் யார் அப்பன் வீட்டுது?" என்று ஒரு தடவை கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்டுக்காரர் மவுத்தாகி, நானும் இத்தா முடிச்சு உக்காந்திருந்தேன்லே. பக்கத்துத் தெருவுல கல்யாணம். அழைக்க வந்தவ எங்க வாசலத் தாண்டிப் போனா. நான் திரைக்குப் பொறத்தால நின்னு அவ செருப்புச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தேன். சத்தம் நிக்கும் நிக்கும்னு பாத்தேன். நிக்கல." பெட்டியை மூடினார். "வண்டிய எடு."

அதற்குப் பிறகு நான் பெட்ரோல் பேச்சு எடுத்ததில்லை.

இந்த வருசம் ஒரு கல்யாண வேலை வந்தது. பெண்ணின் தாயார், அழைக்க வேண்டிய வீடுகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் தயங்கினார்.

"முஃபீதா வீட்ட விட்ருங்க லாத்தா. எங்க அக்கா மவதான், இல்லங்கல. ஆனா இப்பத்தான இத்தா முடியப் போவுது? சின்னப் புள்ள. வந்து நின்னா எல்லாரும் மணப்பொண்ண விட்டுட்டு அவளையேல்லா பாப்பாவோ."

முஃபீதாவின் புருஷன் லாரி மோதி இறந்தவன். அவளுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. வாசலில் ஆட்டோவில் இருந்த எனக்கே சுருக்கென்றது.

"அப்பம் வேற ஆளப் பாத்துக்க தாயி" என்றார் ஆசியா உம்மாள். "அந்த வாசலத் தாண்டி என் காலு போவாது."

எழுந்து வாசல்படிவரை வந்துவிட்டார். பிறகு, "கோவிக்காதிய. உங்க இஷ்டம்" என்று உள்ளேயிருந்து கேட்டது.

வியாழனோடு இத்தா முடிகிறது; வெள்ளிக்கிழமை காலை முதல் வீடு முஃபீதா என்று பெட்டியில் ஏறியது. ஆனால் அதற்கு முந்தின ஞாயிறு ஆசியா உம்மாளுக்கு மூச்சு முட்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் பார்க்கப் போனேன். தலையணைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார்.

"எழுத்து மங்குது. செல்லு மாத்திட்டு வா. ஒண்ணொண்ணா மாத்தச் சொல்லு. ரெண்டையும் ஒண்ணாக் கழத்துனா எல்லாம் போயிரும்."

பஜாரில் கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் அப்ராரிடம் கொண்டுபோனேன். நான் வாயைத் திறக்குமுன் அவன் பின்மூடியைத் திறந்து, இரண்டு செல்லையும் நகத்தால் நெம்பிக் கண்ணாடி மேல் வைத்துவிட்டான்.

"ஏலே! ஒண்ணொண்ணால்லா மாத்தணும்!"

"செல்லுதான அண்ணாச்சி? இதுக்கு எதுக்கு இந்தக் கத்து?"

புதுச் செல் போட்டதும் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. உள்ளே ஒரு வீடுகூட இல்லை.

ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது என்னென்னவோ பொய் யோசித்தேன். கட்டில் பக்கத்தில் நின்றதும் ஒன்றும் வரவில்லை. பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கிற்று.

"போனாப் போவுதுலே. வீடு எங்கன ஓடிப்போவும்? ஒனக்குத்தான் எல்லா வீடும் தெரியுமே."

இத்தனை வருசமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"அதெல்லாம் நீங்க எந்திரிச்சு வந்து ஏத்துங்க" என்றேன், விறைப்பாக.

"பைய ஏத்தலாம். முஃபீதாவ மட்டும் இப்பம் ஏத்து."

அவர் எழுத்தைச் சொல்லச் சொல்ல நான் தேடித் தேடி அமுக்கினேன். என் விரல் ஒன்றை அமுக்கினால் இரண்டு விழும். "ஆட்டோவா ஓட்டுத? உரலா இடிக்க?" என்று கேலி செய்தார். பேர் ஏறியது, தேதி ஏறியது, பெட்டியின் கடிகாரத்தையும் சரிசெய்து அலாரமும் வைத்தோம். பிறகு பெட்டியை என் சட்டைப் பையில் வைக்கச் சொன்னார்.

"எனக்கு முடியலன்னா நீ போ. பொம்பள யாரையாவது அனுப்பணும்தான். எவ போவா? இன்னைக்குச் சரிம்பா, அன்னைக்கு அந்த வாசலத் தாண்டிப் போயிருவா. நீ உள்ள போவாத. வாசல்ல நின்னு, ஆசியா உம்மா அழைக்கச் சொன்னாவன்னு சொல்லு. பதில் வாங்காம வந்துராத. பதில் வந்ததும் நட்சத்திரத்தப் போட்டுரு. மறந்துராத, என்னலே?"

புதன்கிழமை அவர் மவுத்தானார். ஆமிர் வந்து சேர்ந்ததும் அடக்கம். நான் மையவாடி வாசல்வரை போய் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் சட்டைப் பை கூவியது. வண்டியை எடுத்தேன்.

முஃபீதா வீட்டு வாசலில் திரை போட்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மணப்பெண் பேரும் கல்யாண நாளும் சொன்னேன். "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும். ஆசியா உம்மா அழைக்கச் சொன்னாவ."

திரைக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பதில் வரட்டும் என்று நின்றேன். தெருவில் போனவர்கள், ஆட்டோக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் செருப்பை அசைக்கவில்லை. அந்தச் சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாது.

"அவிய மவுத்தாயிட்டாவளாமே?" என்றது உள்ளேயிருந்து ஓர் இளம் குரல்.

"ஆமாம்மா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதற்கும் பிறகு,

"வாரேன்."

ஆட்டோவில் வந்து உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். அதிலிருந்த ஒரே பேருக்குப் பக்கத்தில், வேறு எதுவும் விழுந்துவிடாமல் பையத் தேடி அமுக்கி, நட்சத்திரத்தைப் போட்டேன்.