காலிக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவள்

ஆடு எதையாவது மெல்லுகிற அந்த ‘நறுக் நறுக்’ சத்தம் காதில் விழுந்தால் என் கை இன்றும் கம்பைத் தேடும். ஆறாம் வகுப்பு படிக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குத்துக்கல்வலசையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வீட்டு ஆடு கறுப்பியை மேயவிட்டு, நான் சுவரேறிக் கொடுக்காப்புளி பறித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால், மூன்று நாளுக்கு முன் என் கையால் நட்ட குல்மோகர் கன்றை அது வேரோடு பிடுங்கி, கடைசி இலையை ரசித்துத் தின்றுகொண்டிருந்தது.

அது லேசுப்பட்ட கன்றல்ல. பள்ளிக்குப் பின்னால் கிடந்த வெறும் ‘பொட்டலை’ச் சோலையாக்கிக் காட்டுகிறேன் பார் என்று எங்கள் டிரில் சார் ஆளுக்கொரு குழி வெட்டச் சொல்லி, ஆளுக்கொரு கன்றும் கொடுத்து, ஒவ்வொரு குழிக்கு முன்னாலும் ‘நட்டவர்’ என்று போட்டு எங்கள் பெயரெழுதிய தகரப் பலகையை ஊன்றியிருந்தார். மாசியில் ஆண்டுவிழா, அதற்குள் கன்றைச் சாகக் கொடுத்தவர்களுக்குக் கோகோ அணியில் இடம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கோ கோகோதான் உயிர். என்னைவிட வேகமாக ஓடுகிறவள் அந்தப் பள்ளியில் இல்லை என்கிற திமிரும் நிறைய இருந்தது.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். உடைமுள்ளை இழுத்து வந்து, எட்டிப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாதபடி காலிக் குழியைச் சுற்றி நெருக்கமாக வேலி கட்டினேன். பிறகு தினமும் சத்துணவுக்கூடத்துத் தொட்டியில் மொண்டு, வேலிக்கு மேலாகவே வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று வீட்டிலிருந்து ஆட்டுப்புழுக்கை கொண்டுவந்து எருவும் போட்டேன். கன்றைத் தின்றது கறுப்பி, எரு கொடுத்ததும் கறுப்பி.

பக்கத்துக் குற்றாலத்துக்குச் சாரல் என்றால் எங்கள் பொட்டலுக்குப் பாதி நாள் வெறும் காற்றுதான். அந்த ஆடிக் காற்றில் பாதிக் கன்றுகள் முறிந்தன; மிச்சத்தை ஊர் ஆடுகள் பார்த்துக்கொண்டன; தப்பிப் பிழைத்த இரண்டொன்றும் தை வெயிலில் கருகிப்போயின. எல்லாரையும் அணியிலிருந்து நீக்கிவிட்டால் யாரை வைத்து விளையாடுவது? சார் தன் சட்டத்தைச் சத்தமில்லாமல் மறந்துவிட்டு, “பேச்சியம்மாளப் பாருங்கலே, ஒத்தையில நின்னு வளக்குதா” என்று வகுப்பு வகுப்பாக என் புகழைப் பாட ஆரம்பித்தார். போதாததற்கு, ஆண்டுவிழாவுக்கு வரும் கல்வி அதிகாரிக்கு என் கன்றைக் காட்டப் போவதாகவும் அறிவித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கோகோ போனால் போகட்டும், ஊர் கூடி நிற்கையில் ‘களவாணி’ என்று பெயரெடுக்கப் போகிறேனே என்று அழுகை அழுகையாய் வந்தது.

அந்த நாளும் வந்தது. அதிகாரி முன்னால் நிற்க, சார் முள்ளை விலக்கினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்டுத் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு குட்டிக் காடு! புல் மண்டி, தும்பை பூத்து, அதன் நடுவில் முழங்கால் உயரத்துக்கு, குல்மோகரைப் போலவே பொடிப்பொடி இலைகளோடு ஒரு செடி நின்றது. சார் மீசையைத் தடவிக்கொண்டார். தப்பித்தோமடா சாமி என்று நானும் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் சத்துணவு சமைக்கும் செல்லத்தாய் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஒரு கொத்து இலையைப் பறித்து, தண்ணீர் தொட்டு உள்ளங்கையில் கசக்கினாள். வழவழவென்று நுரை கட்டியது.

“இது உசிலைல்லா சார், தலைக்குத் தேய்க்கது. முன்ன இங்கன பூரா உசிலைதான் நின்னுது, மைதானத்துக்குன்னு வெட்டிட்டாவ. வேரு சாகல போல. குழி தோண்டயில வெட்டுப்பட்ட இடத்துல முளைச்சிருக்கு.”

சார் என் பக்கம் திரும்பினார். “அப்போ நீ நட்டது எங்கட்டி?”

செல்லத்தாய் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுப்போச்சு என்று ஒரு சொல் சொன்னால் தீர்ந்தது; ஏனோ அந்தப் பொய் வரவில்லை.

“எங்க ஆடு தின்னுட்டு சார். மூணாம் நாளே. நான் தண்ணி மட்டுந்தான் ஊத்துனேன்.”

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சாருக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பெயின்ட் டப்பாவோடு வந்து, என் பலகையில் ‘நட்டவர்’ என்பதை அடித்துவிட்டு, ‘தண்ணீர் ஊற்றியவர்’ என்று எழுதிவிட்டுப் போனார். கோகோ அணியில் என் இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அடுத்த ஆடிக்குக் கன்று வாங்க அலையாமல் பொட்டலைச் சுற்றி முள்ளடைத்துவிட்டு, வேலை மிச்சம் என்றார்.

முதல் இரண்டு வருஷமும் வெறும் புல்தான். பிறகு ஆவாரை, காக்கை குருவி எச்சமிட்ட இலந்தை, வேம்பு. எங்கள் பழைய குழிகள் பலவற்றிலிருந்தும் உசிலை கிளம்பியது.

போன ஆடியில் அங்கே போயிருந்தேன். பலகைகள் இல்லை, டிரில் சார் இல்லை, சுற்றியிருந்த வயலெல்லாம் வீடாகிவிட்டது. எங்கள் பொட்டலையும் காணவில்லை. வெயில் தரையில் விழ இடமில்லாமல் மரங்கள் நின்றன. இதையெல்லாம் யார் நட்டது என்று கேட்டாள் அங்கே ஓடிப்பிடித்து விளையாடிய ஒரு சிறுமி. யாரும் நடவில்லை, ஆடு வராமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வேலிப்பக்கம் ‘நறுக் நறுக்’ என்று கேட்டது. கையில் கிடைத்த கம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.