பால் ஊசியும் காணாமல் போன மாப்பிள்ளையும்

"ஸ்ஸ்ஸ்... அம்மா!"

திருப்பதியில் நான் மயக்க மருத்துவராகச் சேர்ந்த புதிதில், ஆபரேஷன் தியேட்டருக்குள் தினமும் கேட்ட சத்தம் இது. பால் போல வெள்ளையாக ஒரு மயக்க மருந்து. பார்க்க அவ்வளவு சாது. நரம்புக்குள் போகும்போது மட்டும் கை எரியும். அடுத்த நொடி தூங்கிவிடுவார்கள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வள்ளியம்மா அக்கா எடுத்துக்கொண்டார்!

நகரியில் தறிக்கு நூல் சுற்றுகிறவர். பித்தப்பையில் கல், வலி வந்தால் சுருண்டு படுத்துவிடுவார். ஆனால் ஆபரேஷன் என்றதும் ஒருமுறை அட்மிஷன் ஆகி, சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். முன்பு நடந்த கர்ப்பப்பை ஆபரேஷனில் கை எரிந்தது அவருக்கு மறக்கவே இல்லை.

"கத்தி வெச்சா வெச்சுக்கோ டாக்டரம்மா... அந்தப் பால் ஊசி மட்டும் வாணாம். கையில மொளகாத்தூள் அரைச்சு வுட்டாப்ல இருந்திச்சு."

எரியாமல் போடுகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். எப்படி என்று அப்புறம்தான் யோசித்தேன்!

நானும் என்னோடு வேலை பார்த்த சுனிதாவும் உட்கார்ந்து படித்தோம், பேசினோம். புறங்கையின் மெல்லிய நரம்பு வேண்டாம், முழங்கை மடிப்பில் பெரிய நரம்பு. மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, மரத்துப்போகும் மருந்தை முதலில் விட்டு, கொஞ்சம் காத்திருந்து, பட்டையை அவிழ்த்த பிறகுதான் பால் மருந்து.

ஆபரேஷன் அன்று காலை பட்டையைக் கட்டி, மரத்துப்போகும் மருந்தை விட்டுவிட்டு, பேச்சு கொடுத்தேன். அக்கா தன் தம்பியின் கல்யாணக் கதையை ஆரம்பித்தார். சத்தியவேட்டில் கல்யாணம், முகூர்த்த நேரம், மாப்பிள்ளையைக் காணோம்! ஊரே தேடுகிறது. நான் பட்டையை அவிழ்த்து, மெதுவாகப் பால் மருந்தைத் தள்ளினேன். என் கண் முழுக்க அவர் முகத்தில்தான்.

"கடைசில பாத்தா... மாப்ள எங்க இருந்தான் தெரியுமா..."

தூங்கிவிட்டார்!

ஸ்ஸ்ஸ் இல்லை, அம்மா இல்லை, புருவம்கூடச் சுருங்கவில்லை. சுனிதா மாஸ்க்குக்குள் சிரிப்பது கண்ணிலேயே தெரிந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது... தியேட்டர் ஆயிற்றே!

சர்ஜன் தெலுங்குக்காரர், அவருக்கு வேறு கவலை. ஆபரேஷன் முழுக்க "பெள்ளிகொடுக்கு எக்கட உன்னாடம்மா?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எங்கே என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

எல்லாம் முடிந்து, வார்டுக்கு மாற்றும் முன் அக்கா கண் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். மெல்ல என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பால் ஊசிய எப்பம்மா போடுவ?"

ஆபரேஷனே முடிந்துவிட்டது என்றதும் கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ரவுண்ட்ஸில் சர்ஜன் முதலில் கேட்டது மாப்பிள்ளையைத்தான்.

"எங்க போவான் சார்... சமையல் கட்டுல குந்திக்கினு வடை துன்னுக்கினு இருந்தான்."

இப்போது சித்தூரில் வேலை. நரம்பு பார்ப்பதும் பட்டை கட்டுவதும் காலையில் பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. பெரும்பாலானவர்கள் பேசிக்கொண்டே தூங்கிப்போகிறார்கள். என்னிடம் நிறையப் பாதிக் கதைகள் சேர்ந்துவிட்டன.

எழுந்ததும் யாரும் அந்த ஊசியைப் பற்றிக் கேட்பதில்லை. அது எரியும் என்றே அவர்களுக்குத் தெரியாது... அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும், கண் திறக்கும் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அக்கா மாதிரி கேட்பாரோ என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறேன்.