மாடசாமியைப் பார்க்க வந்த அம்மா

இந்த வாரம் முழுவதும் என் மகள் பூனையாக இருக்கிறாள். முன்பள்ளி நாடகத்தில் அவளுக்கு அந்த வேடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. சோற்றைக் குனிந்து வாயால்தான் எடுக்கிறாள். அதட்டுவதா, விட்டுவிடுவதா என்று தெரியாமல் குண்டசாலை வீட்டில் நான் தட்டோடு நின்றபோதுதான் டீவியில் அந்த நடிகருக்கு விருது கொடுத்தார்கள். நரைத்த தாடி, நல்ல கோட்டு. எனக்கோ கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கம்பின் பச்சை வாசனை வந்தது.

யாழ்ப்பாணத்தில் பாடசாலை மேடையில் தொடங்கியவர் அவர். சிங்களப் படங்களில் பெயரில்லாத பொலிஸ்காரராகப் பல காலம் வந்துபோனார். கடைசியில் எங்கள் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த ஒரு படத்தில் தோட்டத் தொழிலாளி மாடசாமியாக நடித்து உயர்ந்தார். அவருக்கு எங்கள் பேச்சைப் பழக்கிவிடுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அப்போதுதான் உயர்தரப் பரீட்சை முடித்திருந்தேன். சரியாகச் சொல்லிக்கொடுத்தேனா என்று இன்றும் சந்தேகம்தான்.

ஹோட்டல் வேண்டாமென்று எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே காலியாக இருந்த ஒற்றையறைக் காம்பராவில் தங்கினார். படம் முடியும்வரை தான் மாடசாமி மட்டும்தான், யாரும் சொந்தப் பெயர் சொல்லக் கூடாது என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு என் அப்பாவோடு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனார். உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு பால் விடாத சாயத் தேத்தண்ணி குடிக்கத்தான் படாதபாடு பட்டார். பாதிச் சீனி சட்டைக் கைக்குள் போய்விடும். ஒருநாள் வேலை நடக்கும் மலைக்குப் பிந்திப் போனபோது கங்காணி, அரை நாள் சம்பளம்தான் என்று மிரட்டினாராம்.

"மாடசாமி, இன்னைக்கி ஒனக்கு அரைப்பேர்தான்!"

"மன்னிச்சிக்குங்க கங்காணி" என்று தலையைச் சொறிந்தாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அப்பா, "நானும் இத்தன வருசமா மாடசாமியாத்தான் இருக்கேன், எவன் கேமரா வச்சான்?" என்பார்.

முக்கியமான காட்சிக்கு முதல்நாள் நடிகருடைய அம்மா வந்தார். மறுநாள் அந்த அம்மாவுக்குக் கனடாவுக்கு விமானம். அங்கே மகளோடு இருக்கப் போகிறார், இனித் திரும்பமாட்டார். கையில் பனங்கட்டிப் பொதி.

மகன் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. மறுபடி தீட்டத் தொடங்கினார்.

"சேர், அம்மா..." என்றேன்.

"யாரப் பாக்கணுமாம்?" என்றார், நிமிராமல்.

எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, இவருக்கு இப்ப என்ன பேர்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மகனுக்கு எதிரே படியில் உட்கார்ந்தார்.

"தம்பி மாடசாமி, என்ர மகன் இந்தப் பக்கம் வந்தா ஒண்டு சொல்லுவீங்களே?"

"சொல்லுங்கம்மா, சொல்லிர்றேன்."

"அம்மா கோவிச்சுக்கொண்டு போகேல்லை எண்டு சொல்லுங்கோ. எடுத்த வேலையை முடிக்கச் சொல்லுங்கோ. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கோ."

பொதியை மாடசாமியின் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மகனைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். இப்போது, நானும் ஒருத்தியைப் பெற்றபிறகு, அந்த அம்மாவைத்தான் அதிகம் நினைக்கிறேன். ஒத்திகை எதுவும் இல்லாமல் எப்படிச் சொல்லி முடித்தார்?

படப்பிடிப்பு முடிந்ததும் மாடசாமியின் மீசையை மழித்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். வந்த நாளுக்குப் பிறகு அவருடைய சொந்த யாழ்ப்பாணப் பேச்சை அன்றுதான் கேட்டேன்.

"பிள்ளை, நான் இல்லாத நேரம் அம்மா வந்தவாவோ? என்ன சொன்னவா?"

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். கோவித்துக்கொண்டு போகவில்லை என்றதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அவர் கனடா போக வழி கிடைப்பதற்குள் அந்த அம்மா காலமாகிவிட்டார். அந்த லயத்தையும் இடித்தாயிற்று; அப்பாவும் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் மிஞ்சியிருப்பது நாங்கள் இருவர்தான். அதிலும் அவர், தான் அன்று அங்கே இல்லை என்றுதான் இன்னும் சொல்கிறார்.