சகலையின் கேனில் நான் ஊற்றிய தண்ணீர்

என் சகலைமேல் இருந்த பொறாமையில், அவன் கொடுத்த சுத்தமான கேன் தண்ணீரில் பைக்கைக் கழுவினேன். காலியான கேனில் தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடித்து, ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவிக்குக் குடிக்கக் கொடுத்தேன்.

சிரிப்பு வந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். பாரிவாக்கத்திலேயே மினரல் வாட்டரில் குளித்த பைக் என்னுடையது ஒன்றுதான்!

முரளி, என் மனைவி கலாவின் அக்கா கணவன். வயதில் என்னைவிடச் சின்னவன், உறவில் மூத்தவன். சென்னீர்குப்பத்தில் சொந்தமாகக் கேன் தண்ணீர் பிளாண்ட் வைத்திருந்தான். நானோ நாற்பத்தாறு வயதிலும் அம்பத்தூர்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். தொப்பையும் ஜோக்கும்தான் சொந்தம். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துக் கலா உண்டானாள். அன்றிலிருந்து முரளியே கேன் கொண்டுவந்து இறக்கினான்.

"வவுத்துல புள்ளைய வெச்சிகினு கண்ட தண்ணியும் குடிக்காதம்மா" என்பான்.

அவள் ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்ப்பாள். "மாமா தண்ணி இன்னாமா இனிக்கிது பாரேன்!"

மாமா தண்ணி! பதினோரு வருடத்தில் நான் வாங்கித் தந்த எதையாவது அவள் இனிக்கிறது என்றிருப்பாளா? அல்வா உட்பட...

அவள் நாக்கு ஏமாறுகிறது என்று நிரூபிக்க வேண்டும். யாரிடம்? என்னிடமேதான். கேனைத் தூக்குவது என் வேலை. பின்பக்கம் நான் என்ன செய்கிறேன் என்று அவள் எட்டிப் பார்க்கப் போவதில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்தும் "இனிக்கிது" என்றாள். உள்ளுக்குள் குதித்தேன்! ஒருமுறையோடு நிறுத்தியிருக்கலாம்... ஒன்றரை மாதம் ஊற்றினேன். தினமும் முரளியை ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் மாதம் அவள் கண் மஞ்சளானது. வாந்தி. இரண்டே நாளில் பேச்சு குழறியது.

"ஹெபடைட்டிஸ் ஈ. கெட்ட தண்ணியில வர்ற காமாலை" என்றார் டாக்டரம்மா. "மத்தவங்களுக்கு வந்தா பெரும்பாலும் தானா சரியாயிடும். கர்ப்பிணிக்கு, அதுவும் கடைசி மாசங்கள்ல வந்தா, உயிருக்கே ஆபத்து. வீட்ல என்ன தண்ணி குடிச்சாங்க?"

அதே குழாய்த் தண்ணீரை நானும்தான் குடித்தேன். எனக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை!

"கேன் தண்ணி மேடம்" என்றேன்.

முன்பு செய்ததை முட்டாள்தனம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதை என்னவென்று சொல்வேன்?

கலா பிழைத்தாள். பெண் குழந்தை... உயிரில்லாமல் பிறந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் முரளியின் சட்டையைப் பிடித்தார்கள். தன் தண்ணீரைப் பரிசோதித்த காகிதத்தை நீட்டினான். யாரும் வாங்கவில்லை. நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

தெளிந்து எழுந்த கலா சொன்னாள்: "இனிமே அந்தாளு தண்ணி எனுக்கு வேணாம்."

மாமா போய் அந்தாளு! குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து அரை நாள்கூட ஆகவில்லை... அப்போதும் எனக்குள் ஒரு துளி இனித்தது. எழுதவே கூசுகிறது. நீங்களாக இருந்தால் அந்தத் துளியை எங்கே துப்பியிருப்பீர்கள்?

பிறகு ஒருநாள், தெருக்குழாயில் சாக்கடை கலக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் குடித்தது கேன் தண்ணீர் என்றே எல்லோரும் நம்பினார்கள். முரளியின் பிளாண்ட் படுத்துவிட்டது. இப்போது வேலப்பன்சாவடியில் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறான்.

போன வாரம், நின்றிருந்த அந்தப் பேருந்தில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். கலாவுக்கு இது தெரியாது என்றும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்து, முன்கூட்டியே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்திருந்தேன்.

அடிக்கவில்லை. சாவியை எடுத்து வண்டியில் செருகினான்.

"தாங்க முடியலன்னு என் தலையில எறக்கி வெக்க வந்தியா, சகலை? கலா ஊட்லதான கீறா... அவகிட்ட போய் சொல்லு. எறங்கு, நான் வண்டி எடுக்கணும்."